‘அவர்’ என்ற சொல்லைத் திருத்தியது நான்தான்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. ஒரு பெண்மணி என் வகுப்புக்கு வந்து, "நீங்க எழுதிக் கெடுத்தது சார், நீங்களே எழுதிச் சரி பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனதால் எழுதுகிறேன். ஆக, இது கதையல்ல, தண்டனை. (தண்டனைக்கு நடை, உத்தி எல்லாம் எதற்கு என்று கேட்காதீர்கள். பழக்கதோஷம்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சூரியன் மேற்கில் சாய்ந்துகொண்டிருக்க, திறந்தவெளி அரங்கின் கல்படிகள்

கல்படிகள் என்ன செய்தன என்று யோசித்ததில் அரைமணி நேரம் போயிற்று. அவை ஒன்றும் செய்யவில்லை. சூடாக இருந்தன, உட்கார்ந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

2

ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் ஒரு திறந்தவெளிக் கலையரங்கம். கோடை விடுமுறையில் அங்கே மூன்று வாரம் இலவசக் கலைப் பயிற்சி. ஓவியத்துக்கு மரநிழல் கொடுத்தார்கள், நாடகத்துக்கு மேடை. கதை எழுதும் வகுப்பை மட்டும் மேடைக்குப் பின்னால் ஒப்பனை அறைக்குள் தள்ளிவிட்டார்கள். சுற்றிலும் கண்ணாடி. எந்தப் பக்கம் திரும்பினாலும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு பாடம் நடத்தலாம். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

மாணவர்கள் ஒன்பது பேர். அதில் எட்டுப் பேரை இந்தக் கதையிலிருந்து நீக்கிவிட்டேன். (கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.)

மிச்சமிருப்பவர் எடைமேடைக்காரம்மா. அரங்கிலிருந்து கூப்பிடு தூரத்தில், லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை போடும் மேடை இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எடைச்சீட்டு கொடுப்பது அந்தம்மாவின் வேலை. வகுப்பில் வாயே திறக்கமாட்டார். முதல் வாரம் முடியும்போது ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். கடைசி வரிகள் இவை:

‘பதினொரு வருஷமாக அவர் கத்தலைக் கேட்கிறேன். அவர், சொன்னால் கேட்பதில்லை. கேட்டால் சொல்வதில்லை. நாளையிலிருந்து அவர் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன்.’

அசந்துபோனேன். அசந்ததோடு விட்டிருக்கலாம்.

3

‘அவர்’ யார்? வாசகரைக் குழப்பக்கூடாது என்று அந்த வாரம் முழுக்க வகுப்பில் முழங்கியிருந்தேன். கல்யாணமான பெண் ‘அவர்’ என்று எழுதினால் வேறு யாராக இருக்கும்? "அவர்னே இருக்கட்டும் சார்" என்று அந்தம்மா சொன்னதாகவும் ஞாபகம். நான் சிவப்புப் பேனாவை எடுத்து மூன்று இடத்திலும் ‘என் கணவர்’ என்று திருத்தினேன்.

அடிக்குறிப்பு: நம் மொழியில் ‘அவர்’ மிக வசதியான சொல். ஆணா பெண்ணா, மரியாதையா பயமா, எதையும் காட்டிக்கொடுக்காது. ஒருவருக்கு அந்த வசதி தேவைப்படலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

4

ஞாயிற்றுக்கிழமை மாலை, பயிற்சி பாதி முடிந்ததற்கு ஒரு விழா. அந்தம்மாவுக்கு வேலை இருந்ததால் நானே மேடையேறி வாசித்தேன். ஏற்ற இறக்கமெல்லாம் போட்டேன். ‘என் கணவர் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன்’ என்றதும் சிரிப்பு, விசில். மூன்று குழாய் ஒலிபெருக்கிகள் அதை நாலு ஊருக்கும் கொண்டுபோயின. எடைமேடைக்கும்தான்.

அந்த ஒலிபெருக்கிகளின் சொந்தக்காரர் மேடை ஓரத்தில் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். மைக்செட்காரர். அந்தம்மாவின் கணவர். அது எனக்குத் தெரியாது.

[இங்கே ‘ஒயரைப் பிடுங்கினார்’ என்று எழுதியிருந்தேன். பிடுங்கியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.]

அவர் பிடுங்கவில்லை. கடைசி வரியில் காற்றடித்தபோது சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார். முடிந்ததும் ஒயரைச் சுருட்டியபடி என்னிடம் வந்தார்.

"வார்த்தை எல்லாம் தெளிவா விழுந்துச்சா சார்?"

5

மறுநாள் அந்தம்மா வந்து, நான் தொடக்கத்தில் எழுதிய அந்த ‘எழுதிக் கெடுத்தது’ வசனத்தைச் சொன்னார். அந்த ‘அவர்’, எடைமேடை முதலாளி. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம், வேலைக்குச் சேர்ந்துதான் பதினொன்று. எழுதியது ராஜினாமாவுக்கு ஒத்திகை. கடிதமாகக் கை வரவில்லை, கதையாக வருகிறதா என்று பார்த்திருக்கிறார். நான் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். சகிக்கவில்லை.

முதலாளியும் ஒலிபெருக்கியில் கேட்டு மனம் இளகி, வீட்டில் பிரச்சனையென்றால் இரண்டு நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். பதினொரு வருஷத்தில் அவர் கத்தாமல் பேசியது அதுதான்.

கடைசி ஞாயிறு நிறைவு விழாவில் திருத்தம் வாசிப்பதாக வாக்குக் கொடுத்தேன். ‘அது முதலாளி, கணவர் தங்கமானவர்’ என்று எழுதியும் வைத்தேன்.

புதன்கிழமை மறுபடி வந்தார். மைக்செட்காரர் வீட்டில் மெதுவாகப் பேசுகிறாராம். பக்கத்தில் இருப்பவரிடமும் பத்தாவது வரிசைக்குக் கேட்கிற மாதிரி பேசும் மனிதர் அவர். நேற்று எதிரில் வந்து உட்கார்ந்து, தான் எப்போதெல்லாம் அப்படி நடந்துகொண்டோம் என்று கேட்டிருக்கிறார். அது நீங்கள் இல்லை என்று சொல்ல வாயெடுத்த அந்தம்மா, ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"நிறைய இருந்துச்சு சார்," என்றார் என்னிடம். "இவ்வளவு இருக்குன்னு எனக்கே தெரியல."

எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. எழுதத் தொடங்கி இத்தனை வருஷத்தில் என் வரி ஒன்று ஒருவர் வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது அதுதான் முதல் தடவை. அதுவும் தப்பான வரி.

6

திருத்தத்தை வாசித்தால் மைக்செட்காரர் நிரபராதி. பழைய குரல் திரும்பிவிடும். வாசிக்காவிட்டால் முதலாளி யோக்கியர், அந்தம்மா அவரிடமே எடைச்சீட்டுப் போட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மூன்று முடிவுகள் எழுதிப்பார்த்தேன். ஒன்றில் எல்லோரும் அழுகிறார்கள். இன்னொன்றில் ஒரு லாரி பிரேக் பிடிக்காமல்... வேண்டாம். மூன்றாவதில் எழுத்தாளர் சமயோசிதமாக எல்லாவற்றையும் தீர்த்துவைக்கிறார். அதைக் கிழிக்கும்போது மட்டும் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

7

நிறைவு விழாவில் நான் தாளோடு எழுந்தேன். அந்தம்மா வந்து அதை என் கையிலிருந்து வாங்கி மடித்துக்கொண்டார்.

"நானே படிக்கிறேன் சார். நீங்க உட்காருங்க."

முதல் வரிசையில் முதலாளி, சிறப்பு விருந்தினராக. பெட்டி முன்னால் மைக்செட்காரர். அந்தம்மா தன் பழைய பக்கத்தை, என் சிவப்பு மையைச் சட்டைசெய்யாமல், தான் எழுதியபடியே படித்தார்.

"பதினொரு வருஷமாக அவர் கத்தலைக் கேட்கிறேன். அவர், சொன்னால் கேட்பதில்லை."

நிமிர்ந்து பார்த்தார். முதலாளி ‘பதினொன்று’ என்று உதட்டுக்குள் சொல்லிப்பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார். மைக்செட்காரர் பெட்டியின் விளக்குகளைப் பார்த்தார். நான் ஏன் தலைகுனிந்தேன் என்று கேட்காதீர்கள்.

அப்புறம் அந்தம்மா தாளை இறக்கிவிட்டு, எழுதிவைக்காத ஒரு வரியைச் சொன்னார். இனி எந்த வாசல்படியை மிதிக்கப்போவதில்லை என்று. நாலு ஊரும் கேட்டது. இங்கே எழுதிவிடுகிறேன்: ‘நாளையிலிருந்து நான்

இல்லை. அந்தம்மா வாயில் ஒரு தடவை வார்த்தையைத் திணித்ததே போதும். தெரிந்தே ஆகவேண்டுமென்றால் நேரில் போய்க் கேளுங்கள். வீட்டுக்குப் போவதா, எடைமேடைக்குப் போவதா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அதைச் சொன்னால் முடிவைச் சொன்னதாகிவிடும்.