மேனேஜர் கழுத்தில் சாவி

அந்தப் பழைய காருக்கு ஒரே ஒரு சட்டம்தான். கிளம்பினால் போய்ச் சேரும்வரை எஞ்சினை அணைக்கக் கூடாது. பேட்டரியின் லட்சணம் அப்படி. ஒருமுறை அணைத்தால் மறுபடி கண் விழிப்பது அதன் இஷ்டம். புதிதாக ஒரு பேட்டரி வாங்கிவிடலாமே என்று டீச்சர் கேட்கும்போதெல்லாம் அவள் கணவர், "ஓடுற வரைக்கும் ஓடட்டுமே, அதுக்கென்ன கேடு?" என்பார். அதனால் வழியில் எங்கே இறங்கினாலும் சாவி உள்ளேயே தொங்கும், எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கும்.

மாற்றுச் சாவிக்கும் அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். அதை ஒரு துணிப்பையில் போட்டு நாயின் கழுத்துப்பட்டையில் தைத்துவிட்டார். "வீட்ல வெச்சா தேடணும். பர்ஸ்ல வெச்சா பர்ஸே தொலைஞ்சிடும். இவரு எங்க தொலையப் போறாரு? நாம போற இடத்துக்கெல்லாம் முன்னாடியே வந்து உக்காந்துக்கறாரு."

நாயின் பெயர் மேனேஜர். குட்டியாக வந்த முதல் வாரமே, வீட்டில் யார் எந்த வேலையைத் தொட்டாலும் பின்னால் வந்து நின்று மேற்பார்வை பார்த்ததால் மகள் வைத்த பெயர். அவள் கல்லூரியில் படிக்கும்போது சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வந்த குட்டி. இப்போது வேறு ஊரில் வேலை, தனி வீடு. "என் நாயை எனக்குக் கொண்டு வந்து குடுங்க" என்று போன மாதம் கேட்டாள். "தாராளமா! எனக்கும் விடுதலை" என்று போனில் சிரித்துக்கொண்டே சொன்ன டீச்சர், அன்று சாயங்காலம் சாதம் வடிக்க மறந்து அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆறு வருடமாக முடியையும் எச்சிலையும் குறை சொல்லியே பழகிய வாய். அது வேறொன்றைச் சொல்லக் கூச்சப்பட்டது.

இன்று அந்தப் பயணம்தான். மேனேஜர் காலையிலிருந்தே ஏக உற்சாகம். பின்சீட்டிலிருந்து முன்னால் தாவும்போது அவன் கால் ஏதோ பொத்தானில் பட்டு நான்கு விளக்கும் சேர்ந்து மின்னத் தொடங்கின. அதை அணைக்கக் குனிந்த கணவரின் முழங்கையைத் தட்டிவிட, மழையில்லாத வானத்தின் கீழ் வைப்பர் கரகரவென்று ஓடியது. மத்தியானம், பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது.

"இது நான் இல்லை, சத்தியமா அவரும் இல்லை" என்றார் கணவர்.

சாலையோரம் ஒரு கார் வயரிங் கடை தெரிந்தது. முன்னால் வெயிலில் வண்டியை நிறுத்தி, சட்டப்படி எஞ்சினை ஓடவிட்டு இறங்கினார். டீச்சரும் கைப்பையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். காலை நீட்டத்தான் என்று சொல்லிக்கொண்டாள். உண்மையில், மடியில் கிடந்த அந்தத் தலையின் கனம் அவளுக்குத் தாங்கவில்லை.

டிரைவர் சீட் காலியானால் அது மேனேஜருக்குச் சொந்தம். ஒரே தாவலில் ஏறி, கதவின் கைப்பிடி மேட்டில் முன்னங்காலை ஊன்றினான்.

டக்.

நான்கு கதவும் ஒரே சத்தத்தில் பூட்டிக்கொண்டன.

கணவர் கைப்பிடியை இழுத்தார். சுற்றி வந்து மற்ற மூன்றையும் இழுத்தார். ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேனேஜர் கூடவே வந்து வாலாட்டினான்.

கடையிலிருந்து வயரிங்காரர் ஸ்க்ரூடிரைவரைக் காதில் செருகியபடி வந்தார். "என்ன சார் ஆச்சு?"

"மேனேஜர் உள்ளே மாட்டிக்கிட்டாரு."

வயரிங்காரர் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளேயிருந்து மேனேஜரும் எட்டிப் பார்த்தான். "இவரா? சரி, மாத்துச் சாவி இருக்குல்ல?"

"இருக்கு."

"எங்க?"

கணவர் நாயின் கழுத்தைக் காட்டினார். வயரிங்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சார், நானும் இருபது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். பூட்டுக்குள்ளயே சாவியை வளக்கறவரை இன்னிக்குத்தான் பாக்கறேன்."

சிரிக்க நேரமில்லை. பெட்ரோல் முள் அடிமட்டத்தில் கிடந்தது. அடுத்த பெட்ரோல் பங்கில் போடலாம் என்று வந்திருந்தார்கள். வயரிங்காரர் முகம் மாறியது. "பெட்ரோல் தீர்ந்தா ஏசி நிக்கும். இந்த வெயில்ல கால் மணி நேரம் தாங்க மாட்டான். உங்க பேட்டரி இருக்கிற இருப்புக்கு, எஞ்சின் நின்னா ஜன்னலும் இறங்காது."

"கண்ணாடியை உடைச்சிடுங்க!" என்றாள் டீச்சர். குரல் அவள் நினைத்ததைவிட உயரமாக வந்தது.

வயரிங்காரர் சுத்தியலோடு பின் ஜன்னலுக்குப் போனார். சுத்தியலை முகர்ந்து பார்க்கிற ஆவலில் மேனேஜர் மூக்கைக் கண்ணாடியில் அப்பிக்கொண்டான். முன்னால் போனார். அங்கேயும் மூக்கு. கணவர் மறுபக்கம் நின்று தட்டினார், விசிலடித்தார், பாட்டுக்கூடப் பாடினார். மேனேஜர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்துக் கடைகளிலிருந்து ஆட்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் கம்பியை விட்டுப் பார்க்கச் சொன்னார், இன்னொருவர் நாய்க்குத் தமிழ் தெரியுமா என்று கேட்டார்.

"இப்ப அடிச்சா மூஞ்சியிலதான் படும்" என்றார் வயரிங்காரர். எஞ்சின் ஒருமுறை இருமியது.

டீச்சர் கதவின் உட்புறத்தைப் பார்த்தாள். கைப்பிடி மேட்டில், பூட்டுப் பொத்தானுக்குப் பக்கத்தில், நான்கு ஜன்னல் சுவிட்சுகள் வரிசையாக இருந்தன. ஒரு முனையை அழுத்தினால் கண்ணாடி இறங்கும், மறுமுனையை அழுத்தினால் ஏறும். ஒரு கால் விரல் போதும். ஆனால் கூப்பிட்டால் வருகிற ஜாதியா அவன்? அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அவனுக்கு ஒரு குறையும் இல்லை.

அப்போதுதான் வீட்டு வாசற்கதவு நினைவுக்கு வந்தது. தினமும் காலையில் அவள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்குக் கிளம்பி முதுகைத் திருப்பியதும், உள்ளே அவனுடைய முன்னங்கால் இரண்டும் கதவைப் பிறாண்டும். அந்தக் கீறல்களின்மேல் கணவர் வருடா வருடம் பெயின்ட் அடிப்பார். கதவடியில் அவன் நகச் சத்தம் நிற்கவே நிற்காது, தெருமுனை வரை கேட்கும்.

"எல்லாரும் தள்ளுங்க" என்றாள்.

டிரைவர் கதவருகே குனிந்து, பையைத் தோளில் சரிசெய்தாள். தினமும் சொல்வதைச் சொன்னாள். "போய்ட்டு வர்றேன். வீட்டைப் பாத்துக்கோ."

இன்று ராத்திரி மகள் வீட்டு வாசலில் அவனை விட்டுவிட்டுக் கிளம்பும்போது இதையேதான் சொல்ல வேண்டியிருக்கும். வரப்போவதில்லை என்று தெரிந்துகொண்டே சொல்ல வேண்டியிருக்கும். ஒத்திகை பார்க்க இந்த நடுவெயில்தானா கிடைத்தது? திரும்பி நடந்தாள்.

நாலே அடி. பின்னால் பிறாண்டல் ஆரம்பித்தது.

"இறங்குது! பின் ஜன்னல் இறங்குது!" கணவர் கத்தினார். டீச்சர் ஆவல் தாங்காமல் திரும்பிப் பார்த்தாள். மேனேஜர் உடனே பிறாண்டலை நிறுத்திவிட்டு, வால் ஆட ஆட, நிதானமாகச் சுவிட்சின் மறுமுனையில் காலை வைத்தான். நாலு விரல் இறங்கிய கண்ணாடி ஏறி மூடிக்கொண்டது.

"திரும்பாதே டீச்சரம்மா! நீ திரும்பினா அவரு வேலையை நிறுத்திடறாரு!" என்று கணவர் அலறினார்.

கூட்டம் முழுக்க அதையே கத்தியது. "திரும்பாதீங்க! நடங்க! நடங்க!"

அவள் நடந்தாள். சாலைப் பக்கம் போகாமல் கடைகளின் வரிசையை ஒட்டியே போனாள். டயர் கடை, பூட்டிய ஷட்டர், குடம் அடுக்கிய கடை. கண்ணால் எதையும் பார்க்க முடியாமல் காதை மட்டும் பின்னால் விட்டுவிட்டு நடப்பது எவ்வளவு கஷ்டம்! பிறாண்டல் வேகமானது, அதோடு ஒரு முனகல். அவளை வெளியே அனுப்பிவிட்டு தினமும் அவன் இப்படித்தான் அழுகிறானா? ஆறு வருடத்தில் ஒரு நாளாவது பாதி வழியில் திரும்பிப் போய்ப் பார்த்ததுண்டா? எஞ்சின் மீண்டும் இருமியது. இம்முறை இரண்டு தடவை.

"முன் ஜன்னல்! ரெண்டு விரல்... நாலு... ஏறுது, ஏறுது, ஐயோ! இல்ல, இறங்குது!" கணவர் கிரிக்கெட் வர்ணனைபோல் கத்திக்கொண்டிருந்தார். "கையை உள்ள விடுங்க, உள்ள விடுங்க!"

"கையை விடுறதுக்குள்ள அவரே வர்றாரு சார்! பிடி, பிடி!"

ஒரு கூச்சல் எழுந்தது. அது நல்ல கூச்சலா கெட்ட கூச்சலா என்று புரிவதற்குள் முப்பது கிலோ எடை அவள் முழங்காலின் பின்பக்கம் வந்து மோதியது. டீச்சர் குடக் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேனேஜர் அவள் மடியில், தோளில், தலையில் எங்கும் ஏறினான். வாலடி பட்டு மூன்று குடங்கள் உருண்டன. பிளாஸ்டிக் குடங்கள், நல்லவேளை. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள், கன்னம் முழுக்க ஈரம். நாக்கின் ஈரமா தன்னுடையதா என்று பார்க்கவில்லை.

தூரத்தில் எஞ்சின் கடைசியாக ஒருமுறை குலுங்கி நின்றது.

கணவர் மூச்சிரைக்க ஓடி வந்து கழுத்துப்பட்டையைப் பிடித்துக்கொண்டார். "புது பேட்டரி போடச் சொல்லிட்டேன். வாயைத் திறக்காதே, எனக்குத் தெரியும். பொண்ணுக்கு போன் போட்டு லேட்டாகும்னு சொல்லிடு."

டீச்சர் தரையிலேயே உட்கார்ந்து போனை எடுத்தாள். இதயம் இன்னும் நடந்துகொண்டே இருந்தது. இந்த நடுக்கம் அடங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும், அடங்கிவிட்டால் பழைய வாய் திரும்பி வந்துவிடும்.

"அம்மா, எங்க இருக்கீங்க? மேனேஜர் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான். கொஞ்சம் லேட்டாகும், ராத்திரிக்குள்ள வந்துடுவோம். ரெண்டு நாள் இருப்போம். அப்புறம் மூணு பேரும் திரும்பிடுவோம்."

"மூணு பேருமா? அம்மா! விளையாடறியா? நான் அவனுக்கு மெத்தைகூட வாங்கி வெச்சிருக்கேன்!"

"அதுல உங்கப்பா படுத்துப்பாரு."

"அவன் என் நாய்மா!"

"ஆமாடி, உன் நாய்தான்" என்றாள் டீச்சர். "உன்கிட்ட கேக்கறேன். எனக்கு வேணும். இத்தனை வருஷமா சொல்லலை, இப்ப சொல்றேன்."

கணவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

"நேர்ல வாம்மா, சண்டை போடணும்" என்றாள் மகள்.

"வர்றேன். நல்லா போடலாம்" என்று சொல்லிவிட்டு, டீச்சர் உருண்டு கிடந்த குடங்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.