பெயர் எழுதாத ஐந்து குப்பிகள்

புது இயந்திரம் காகிதத்தைத் துப்பியதும் பரிசோதனைக் கூடத்தின் மூத்த டெக்னீஷியன் பெரியக்கா அதை இரண்டு முறை படித்தாள். மூன்றாம் எண் குப்பியில் எச்.பி.வி. வைரஸ் இருந்தது, உடலுறவில் தொற்றுவது. அதுவும் பதினாறாம் வகை. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வகைகளில் அதுதான் முதல் குற்றவாளி. மற்ற பல வகைகளை ஒரே வரியில் அடக்கிவிடும் இயந்திரம், இதற்குத் தனி வரி ஒதுக்கியிருந்தது.

அந்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு வழக்கம். புதிதாக எது வந்தாலும் வேலை செய்கிறவர்கள் முதலில் தங்களையே சோதித்துப் பார்ப்பார்கள். சர்க்கரை, கொழுப்பு என்றால் சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார்கள். இது வேறு சமாச்சாரம். "பேரெல்லாம் வேணாங்க்கா" என்றாள் வரவேற்பு மேசைப் பெண். அங்கே வேலை செய்யும் ஐந்து பெண்களும் கழிவறைக்குப் போய்த் தாங்களே மாதிரி எடுத்து வந்தார்கள். குப்பிகளை ஒரே தட்டில் கலந்த பிறகுதான் பெரியக்கா எண் ஒட்டினாள். சோதனை முடிந்ததும் மிச்சத்தைக் கழிவில் போட்டவளும் அவளே. அப்படியொரு கெட்டிக்காரத்தனம். இப்போது ஐவரில் ஒருத்தி உடம்பில் பதினாறு இருக்கிறது, யாரென்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"பேர் எழுதி மறுபடி குடுங்க. வெளையாட்டு இல்ல இது" என்றாள் கூடத்தை நடத்தும் டாக்டரம்மா.

இரண்டு நாள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பிறகு வரவேற்புப் பெண் கொடுத்தாள். சுத்தம் செய்கிற அம்மா கொடுத்தாள். ரத்தம் எடுக்கிற இருவரும் கொடுத்தார்கள். பெரியக்காவின் குப்பி மட்டும் பாக்கி.

வருகிற பெண்களிடமெல்லாம் அவள் வாய் ஓயாமல் சொல்வாள்: "இது யாருக்கும் வரும்மா. பத்து வருஷங்கூட உள்ளயே சத்தமில்லாம கெடக்கும். வெக்கப்பட ஒண்ணுமில்ல." சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. ஆனால் அவள் புருஷன் விட்டுவிட்டுப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. மகன் வீட்டில் இருக்கிறாள். பெயரோடு பதினாறு என்று வந்தால் மருமகள் வாயைத் திறந்து ஒன்றும் கேட்கமாட்டாள், ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையை நினைத்தாலே பெரியக்காவுக்கு உடம்பு கூசியது. படித்த படிப்பெல்லாம் அந்த இடத்தில் செல்லாக்காசு.

வெறும் தண்ணீரை வைத்தால் மனித உயிரணு இல்லையென்று இயந்திரம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் முந்தின நாள் வந்த யாரோ ஒருத்தியின், வைரஸ் இல்லையென்று வந்த மாதிரியில் மிச்சமிருந்ததைப் புதுக் குப்பியில் ஊற்றித் தன் பெயரை ஒட்டினாள்.

ஐந்தும் சுத்தம் என்று வந்தது.

"மெஷின்தான் கோளாறு, நான் அப்பவே சொன்னேன்ல" என்று வரவேற்புப் பெண் பெரியக்காவைக் கட்டிக்கொண்டாள். சுத்தம் செய்கிற அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெரியக்கா காகிதத்தைப் பிடித்தபடி நின்றாள். நால்வர் கொடுத்தது நிஜம். நால்வரும் சுத்தம். மிச்சம் யார் என்று கண்டுபிடிக்க எந்த இயந்திரமும் வேண்டியதில்லை. பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

டாக்டரம்மா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். "இந்த மெஷின நம்ப முடியாது. திருப்பி அனுப்பிடலாம். இந்த வாரம் பதினாறுன்னு வந்த மூணு பேரயும் நாளைக்குக் கருப்பை வாய லென்ஸ் வச்சுப் பாக்க வரச் சொல்லியிருந்தேன்ல? ரிசல்ட் தப்பு, பயப்பட வேணாம், வர வேணாம்னு ஃபோன் பண்ணிச் சொல்லிடுங்க. வேற மெஷின் வந்ததும் பாப்போம்."

"அது எப்ப வரும் டாக்டரம்மா?"

"நாலஞ்சு மாசம் ஆகும். ஏன்?"

பெரியக்கா அந்த மூன்று பேரின் பட்டியலைக் கையில் எடுத்தாள். "சும்மாதான் கேட்டேன்" என்றாள்.

பட்டியலில் முதல் பெயர் ஒரு தையல்காரியுடையது. நாற்பத்து நான்கு வயது. முடிவைக் கேட்டு அழுதவளின் முதுகைத் தடவிக்கொடுத்து, "சீக்கிரம் கண்டுபிடிச்சாச்சு, பொழச்சுக்கலாம்" என்று அனுப்பியது பெரியக்காதான். எண்ணை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள். பின்னால் தையல் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்கக்கா. நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்?"

"நாளைக்கு..." என்று மெல்ல ஆரம்பித்தாள் பெரியக்கா.

"அக்கா? கேக்கலயே. இருங்க" என்றாள் அவள். அந்தப் பக்கம் தையல் இயந்திரம் நின்றது.