உச்சுக் கொட்டும் இடம்

மாட்டுங்கா சபா ஹாலுக்குள் கால் வைத்ததுமே இசக்கிப்பாண்டிக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல ஆகிவிட்டது. மாட்டுங்கா ஒன்றும் அவருக்குப் புதிதல்ல. அவர் குடியிருக்கும் தாராவியிலிருந்து ரயில் பாலம் ஏறி இறங்கினால் மாட்டுங்கா; காய்கறி மார்க்கெட்டில் அவர் சண்டை போடாத கடை கிடையாது. ஆனால் இங்கே செருப்பை எங்கே கழற்றுவது, நாற்காலியில் உட்காரலாமா, ஜமுக்காளத்தில்தான் உட்கார வேண்டுமா, எதுவும் விளங்கவில்லை. கடைசியில் சுவரோரமாக ஒரு நாற்காலியில் பாதி மட்டும் உட்கார்ந்தார். மீதிப் பாதி யாருக்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

மகள் கோமதி கல்லூரியில் ஒரு வருஷம் முடித்திருந்தாள். பாட்டு, வாத்தியம் தெரிந்த கல்லூரி மாணவர்களில் ஒருவருக்கு அந்தச் சபா வருஷா வருஷம் இசை உதவித்தொகை கொடுத்து வந்தது. கிடைத்துவிட்டால் பட்டம் வாங்குகிற வரைக்கும் காலேஜ் செலவு சபாவுடையது. வடாலாவில் இசக்கிப்பாண்டி வேலை பார்த்த லேத்துப் பட்டறையில் ஓவர்டைம் நின்று போய் நாளாயிற்று. கோமதிக்குக் கீழே இன்னும் இரண்டு பேர் பள்ளிக்கூடம் போகிறார்கள். போன வாரம் அவர்தான் வாயைத் திறந்து சொல்லியிருந்தார்: "இது கெடைச்சா படி. கெடைக்கலன்னா காலேஜ் போதும்ளா." சொன்னவருக்கு அன்று சோறு இறங்கவில்லை. கோமதி வழக்கம் போலச் சாப்பிட்டு எழுந்தாள்; அதுதான் அவரை இன்னும் வருத்தியது.

மகளின் பாட்டை அவர் உட்கார்ந்து கேட்டதே இல்லை. தாராவிப் பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சரிடம் தொடங்கி, பிறகு கூடப் படிக்கும் மாட்டுங்காப் பெண் வீட்டில் சனி ஞாயிறு போய்க் கற்றுக்கொண்டாள் என்பது மட்டும் தெரியும். அவருக்குப் பாட்டு என்றால் சொந்த ஊர் அம்மன் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு. நன்றாக இருந்தால் விசிலடிப்பார்கள், "போடு போடு" என்று கத்துவார்கள், பாடுகிறவருக்குக் கலர் சோடா உடைத்து மேடைக்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். சந்தேகத்துக்கே இடமில்லாத ஊர்.

கோமதி மேடையில் உட்கார்ந்தாள். அந்த மாட்டுங்காத் தோழி தம்புராவை மீட்ட, கல்யாணி ராகத்தில் மெதுவாக ஆரம்பித்தாள். எதிரே நடுவர்கள் மூன்று பேர். நடுவில் இருந்தவர் வெங்கடராமன், சபாவில் பெரியவர், நெற்றியில் விபூதி. ஒரு பக்கம் ஒல்லியாக ஒருவர், மறுபக்கம் வீணை வாசிக்கிற ஓர் அம்மாள்.

இசக்கிப்பாண்டி மகளைப் பார்க்கவில்லை, நடுவர்களையே பார்த்தார். பட்டறையில் பழகிய கண் அது. அங்கே மெஷின் இரைச்சலில் யாரும் வாயால் பேசுவதில்லை. தலையும் விரலும்தான் பாஷை. ஃபோர்மேன் தலையை இடமும் வலமும் ஆட்டினால் உருப்படி கழிவுத் தொட்டிக்குப் போகும். எத்தனை போச்சு என்பதை விரலை மடக்கிக் காட்டுவார். இருபது வருஷமாக அவர் இந்த பாஷையைத் தப்பாகப் படித்ததில்லை.

ராகம் முடிந்து பாட்டு வந்தது. வெங்கடராமன் தொடையில் ஒரு அடி அடித்தார். பிறகு சுண்டுவிரலைத் தொட்டார். அடுத்து மோதிரவிரல், நடுவிரல். இசக்கிப்பாண்டியும் கூடவே எண்ணினார். இப்பத்தானே ஆரம்பிச்சா, அதுக்குள்ள மூணு தப்பா? மறுபடி தொடையில் அடி, மறுபடி விரல். ஒல்லிக்காரரும் அதே கணக்கைப் போட்டார். அப்படியானால் சந்தேகமே இல்லை. ஆனால் கோமதி முகத்தில் ஒரு கலக்கமும் காணோம். சந்தோஷமாக வேறு பாடுகிறாளே! இவளுக்குத் தெரியவில்லையா, தெரிந்தும் மறைக்கிறாளா?

கோமதி மேலே போய் ஒரு சுரத்தில் நின்றாள். வெங்கடராமன் கண்ணை மூடினார். தலை இடமும் வலமும் ஆடியது. பிறகு நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்து, "த்சொ... த்சொ..." என்று உச்சுக் கொட்டினார். வீணை அம்மாளும் கொட்டினாள். முன்வரிசையில் பட்டுப்புடவைகளும் ஜிப்பாக்களும் ஆளுக்கொன்று கொட்டின.

சாவு விழுந்த துஷ்டி வீட்டில் இப்படிக் கொட்டுவார்கள். கை போன தொழிலாளியைப் பார்த்து இப்படிக் கொட்டுவார்கள். தன் மகளைப் பார்த்து ஒரு ஹால் முழுக்க உச்சுக் கொட்டுவதை இசக்கிப்பாண்டியால் தாங்க முடியவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லட்டும். பரிதாபப்பட இவர்கள் யார்? நாற்காலி பின்னால் சாய, அவர் எழுந்து நேரே மேடைக்கு நடந்தார்.

"எந்திரிம்மா. போவோம்."

"எப்பா?" கோமதி பாட்டை நிறுத்தித் திருதிருவென்று விழித்தாள்.

"எந்திரிங்கேன்!"

கையைப் பிடித்து எழுப்பி, யார் முகத்தையும் பார்க்காமல் வாசலுக்குக் கூட்டிப் போய்விட்டார். பின்னால் தம்புரா மட்டும் கொஞ்ச நேரம் தானாக ஒலித்தது.

வெளியே ஃபுட்பாத்தில் வைத்து மகள் கையை உதறினாள். கண்ணில் தண்ணீர், குரலில் தீ.

"என்னப்பா காரியம் செஞ்சீங்க? நான் ஒழுங்காத்தான பாடிக்கிட்டிருந்தேன்?"

"உனக்குக் கண்ணு தெரியலியா? விரல் விட்டுத் தப்ப எண்ணுதாரு அந்த மனுசன்!"

"அது தாளம்ப்பா!"

"தலைய ஆட்டுனாரே, வேண்டாம் வேண்டாம்னு?"

"நல்லாருக்குன்னு ஆட்டுனாரு."

"அப்ப உச்சுக் கொட்டுனது? நல்லாருந்தா எதுக்குளா எழவு வீடு மாதிரி கொட்டணும்?"

"ரொம்ப நல்லாருந்தா இங்க அப்படித்தாம்ப்பா கொட்டுவாங்க. அதுக்குத்தான் எல்லாரும் ஏங்குவாங்க. எனக்கு முன்னால பாடுன ரெண்டு பேருக்கும் ஒரு உச்சுகூட விழல."

இசக்கிப்பாண்டி ஃபுட்பாத்திலேயே உட்கார்ந்துவிட்டார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது. மகளுடைய படிப்பை யாரும் கெடுக்கவில்லை. அவரே கையைப் பிடித்து இழுத்து வெளியே கொண்டுவந்து போட்டிருக்கிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்படியே வீட்டுக்கு நடந்துவிடலாமா என்றுகூட இருந்தது. கோமதி நடைபாதைக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்த்ததும் எழுந்தார்.

"இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். இந்தத் தடவை செருப்பைக் கழற்ற மறந்துவிட்டார்.

அடுத்த பையன் மிருதங்கத்தோடு மேடை ஏறிக்கொண்டிருந்தான். சபா காரியதரிசி குறுக்கே வந்தார். "பாதியில எழுந்து போனா அவ்வளவுதான், சார். எல்லாருக்கும் ஒரே ரூல்."

"அவ எந்திரிக்கலய்யா. நான்தான் எந்திரிக்க வச்சேன்" என்ற இசக்கிப்பாண்டி, அவரைத் தாண்டி வெங்கடராமனைப் பார்த்துக் கையைக் கூப்பினார். "ஐயா, நான் பட்டறைக்காரன். எங்க பக்கம் நல்லாருந்தா விசிலடிப்போம். செத்தாத்தான் உச்சுக் கொட்டுவோம். நீங்க எம்மவளப் பாத்துப் பாவப்படுதீகன்னு நெனச்சுட்டேன். தப்பு பூரா என்னோடது. அவளுக்கு இது கெடைக்கலன்னா நானே படிப்ப நிறுத்துறதாச் சொல்லியிருக்கேன். அந்தப் பாவத்த எனக்குக் குடுத்துராதீக."

வீணை அம்மாள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். வெங்கடராமன் சிரிக்கவில்லை. இத்தனை வருஷமாகத் தான் நாக்கால் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று அன்றுதான் யோசிப்பவர் போல இருந்தார்.

"அந்தப் பையன் வாசிச்சு முடிக்கட்டும். அப்புறம் உங்க பொண்ணைக் கூப்பிடுங்கோ. முதல்லேர்ந்து பாடட்டும்" என்றார்.

கோமதி மறுபடி உட்கார்ந்தாள். அழுத தொண்டை, முதலில் கொஞ்சம் தடுமாறியது, பிறகு வழிக்கு வந்தது. இசக்கிப்பாண்டி இப்போது முழு நாற்காலியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டார். எங்கே அந்தச் சத்தம்?

வரவில்லை. நடுவர்கள் மூவரும் போட்டோவுக்கு உட்கார்ந்தவர்கள் போல விறைப்பாக இருந்தார்கள். இந்த மனுஷன் மறுபடி எழுந்து வந்துவிடுவானோ என்ற பயம்! முன்வரிசையும் வாயை இறுக்கிக்கொண்டது. ஒரு தலை ஆடவில்லை. இசக்கிப்பாண்டிக்கு மறுபடி குழப்பம் பிடித்துக்கொண்டது. கொட்டினாலும் பயம், கொட்டாவிட்டாலும் பயம் என்றால் ஒரு தகப்பன் என்னதான் செய்வான்? நன்றாக இல்லையா? தான் இழுத்ததில் குரல் கெட்டுவிட்டதா? யாராவது ஒருத்தர், ஒரே ஒரு தடவை கொட்டக்கூடாதா?

ஒரு வரி முடிந்து கோமதி எச்சில் விழுங்கினாள். தம்புரா மட்டும் கேட்டது. அவருக்குப் பொறுக்கவில்லை.

"த்சொ!"

சுவரோரத்திலிருந்து ஆணி அடித்த மாதிரி விழுந்தது அது. ஹால் மொத்தமும் திரும்பியது. இசக்கிப்பாண்டி தலையை வேறு இடமும் வலமும் பலமாக ஆட்டிக்கொண்டிருந்தார். மேடையில் கோமதிக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

வெங்கடராமன் நாற்காலியில் திரும்பி, மெல்லிய குரலில் சொன்னார்: "அந்த இடம் இன்னும் வரலை, சார். வரட்டும், நானே போடறேன்."

கோமதி மூச்சை இழுத்துக்கொண்டு மேலே போனாள். முன்பு நின்ற அதே சுரத்தில், முன்பைவிட அதிக நேரம் நின்றாள். வெங்கடராமன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அவர் கொட்டியதும் வீணை அம்மாள் கொட்டினாள், ஒல்லிக்காரர் கொட்டினார், முன்வரிசை முழுக்கக் கொட்டியது.

இசக்கிப்பாண்டி தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். உச்சுக் கொட்டினால் அழுகிறதுதான் அவருக்குத் தெரிந்த வழக்கம். அழுதார்.