பாயிலர் மேல் என் பெயர்

ஓட்டல் விரிப்புகளையும் ஆஸ்பத்திரிப் போர்வைகளையும் வெளுத்துத் தரும் கம்பெனி என் அண்ணனுடையது. அங்கே பாயிலர்தான் உயிர். நீராவி நின்றால் எல்லாம் நின்றுவிடும். அதை வாங்க என் நகைகளை விற்றுக் கடன் கொடுத்தேன். ஈடாக என்ன தருவாய் என்று கேட்டதற்குச் சிரித்தான்.

"அந்தப் பாயிலரையே எழுதி வாங்கிக்க பாப்பா. தலையில வச்சுத் தூக்கிட்டா போகப்போறே?"

அவன் விளையாட்டாகத்தான் சொன்னான். நான் அடமானப் பத்திரம் எழுதி, மேனேஜிங் டைரக்டர் என்று அவனிடம் கையெழுத்து வாங்கி, முறைப்படி பதிவும் செய்தேன். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன் என்பார்கள். கூடப் பிறந்ததால்தான் அவனை எனக்குத் தெரியும்.

அந்தப் பாயிலரை ஓட்டியவர் என் கணவர். அழுத்தம் ஏறினால் தானாகத் திறக்க வேண்டிய வால்வு சிக்குகிறது, நிறுத்திப் பழுது பார்க்கவேண்டும் என்று அவர் பல தடவை சொன்னார். "கையில இருக்கிற ஆர்டர் முடியட்டும் மாப்பிள்ளை" என்றான் அண்ணன். ஆர்டர் முடியவில்லை. குழாய் வெடித்து, அவருடைய வலது கை வெந்துபோனது. விசாரணைக்கு வந்தவர்களிடம் ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தான். நஷ்ட ஈடும் இல்லை, வேலையும் போயிற்று.

வீடேறிப் போய்க் கத்தினேன். அண்ணி டிவி சத்தத்தைக் கூட்டினாள்.

"நான் என்ன பண்ண முடியும்? கம்பெனி வேற, நான் வேற. வேணும்னா கம்பெனி மேல கேஸ் போடு" என்றான்.

அன்று முதல் அவன் நாசமாகப் போகவேண்டும் என்பதைத் தவிர நான் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. காலையில் என் கணவர் இடது கையால் சட்டைப் பித்தானோடு மல்லுக்கட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் அதையே திரும்ப வேண்டிக்கொள்வேன். எடுபிடி மாதிரி வேலை செய்தவருக்குக் கவனமில்லாதவன் என்ற பட்டம் வேறு.

பூனைக்கும் ஒரு காலம் வந்தது. பேங்கில் பெரிய கடன் வாங்கும்போது, எந்த இயந்திரத்தின் மேலும் வேறு அடமானம் இல்லை என்று அண்ணன் உறுதிமொழி கொடுத்திருந்தான். பணத்தைக் கொடுத்துவிட்டுச் சாவகாசமாகப் பதிவேட்டைப் பார்த்த பேங்க்காரர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாயிலர் மேல் முதலில் நிற்பது என் பெயர். தெரிந்தே பொய் சொன்னால் கம்பெனி மட்டும் அல்ல, கையெழுத்துப் போட்ட டைரக்டரும் பதில் சொல்லவேண்டும், ஜெயில்வரை போகலாம் என்று அவனுக்கு நோட்டீஸ் வந்தது.

எங்கள் வாசலை மிதிக்காதிருந்தவன் ஓடி வந்தான்.

"உன் கடன் போன வருஷமே தீந்துடுச்சுன்னு பழைய தேதியில ஒரு கையெழுத்து போடு பாப்பா. நான் சொன்னது உண்மைன்னு ஆயிடும். ரெண்டு மடங்கா தர்றேன்."

"பணம் வேணாம்ணா. ஷிப்ட் மாறும்போது எல்லாரும் கேட்கிற மாதிரி அந்த வால்வு விஷயத்தைச் சொல்லு. அப்புறம் பார்த்துக்கலாம்."

அவன் முகம் செத்துப்போனதைப் பார்க்க எனக்குத் தித்தித்தது. இதைச் சொல்ல வெட்கம் ஒன்றும் இல்லை.

மறுநாள் சொன்னான். ஈரத் துணி வண்டிகளுக்கு நடுவே நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு, வால்வு கெட்டது தெரிந்தே ஓட்டச் சொன்னது நான்தான் என்றான். "அடப்பாவி, அந்த மனுஷனையா குத்தம் சொன்னே?" என்று இஸ்திரி போடும் அம்மா கேட்டாள். என்னோடு வந்திருந்த என் கணவர் இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அண்ணன் காகிதத்தையும் பேனாவையும் நீட்டினான்.

"நீ இப்ப சொன்னது உண்மை. இது பொய். போட மாட்டேன்" என்றேன்.

"பாவி, நம்ப வச்சுக் கழுத்தறுக்கிறியே! பாயிலரைப் பிடுங்கிட்டுப் போய் இத்தனை பேர் வயித்துல அடிக்கப்போறியா?"

"பாயிலரைத் தொட மாட்டேன். பேங்க் வேற ஆளை வச்சு நடத்திக்கட்டும். அதை நம்பி இத்தனை பேர் இருக்காங்கண்ணா. உன்னை நம்பித்தான் யாரும் இல்ல."