இரண்டு சொட்டு அமிலம்

நாற்பத்தேழாவது சேர்மத்தைக் காரத்தில் கரைத்த வியாழக்கிழமை காலை, ஆய்வகத்திலிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி, வேதியியல்காரியின் அக்கா முழங்கை வரை நீலமானாள். தைத்துக்கொண்டிருந்த பள்ளிச் சீருடையைக் கீழே வைத்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கழுவிப் பார்த்தாள். போகவில்லை என்றதும் மறுபடி தைக்க உட்கார்ந்தாள். பதினொரு மணிக்குத் தங்கை குடுவையில் அமிலம் விட, கைகள் சிவந்தன. பூவிதழ்களில் இருக்கும் நிறமியைப் பார்த்து ஆய்வகத்தில் செய்த பொருள் அது; அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். அக்காவின் கல்லீரலில் வளர்ந்ததைப் போன்ற புற்றுச் செல்களைக் கண்ணாடித் தட்டில் மூன்றே நாளில் கொன்றது. தட்டுக்கு வெளியே என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது.

மருத்துவர் அன்றன்றைய நிறத்தை இரத்த அழுத்தத்துக்குக் கீழே குறித்துக்கொண்டார். பதினான்கு மாதங்களில் வீட்டுக்குப் பழகிப்போனது. "இன்னிக்கு என்னத்தைப் போட்டுத் தொலைச்ச? கழுத்து வரைக்கும் செவந்து நிக்கிறேன், அளவு குடுக்க வந்தவங்க தெறிச்சு ஓடுறாங்க" என்று அக்கா போனில் திட்டுவாள். ஒரே ஒருமுறை குரலைத் தாழ்த்தி, "அதை எனக்கே கொஞ்சம் குடுத்துப் பாரேன்" என்றாள்.

"எலிக்கே இன்னும் குடுக்கலக்கா. உன்னைக் கொன்னுட்டா?"

"இல்லாட்டி மட்டும் என்ன?"

தங்கை கொடுக்கவில்லை. செய்தது சரியா என்று கேட்டுக்கொள்ளும் இடம் அவளுக்குள் மரத்துப்போயிருந்தது. எலிகளுக்குக் கொடுக்க அனுமதி வந்த வாரம் அக்கா படுத்த படுக்கையானாள். செவ்வாய்க்கிழமை அவள் இறந்தபோது, தங்கை ஆய்வகத்தில் எலிகளை எடைபோட்டுக்கொண்டிருந்தாள். அக்காவின் கணவர்தான் போன் செய்தார். அவரும் அழவில்லை.

"முகம் சுண்ணாம்பா வெளுத்துக் கெடக்கும்மா. ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க. ஏதாவது பண்ண முடியுமா?"

"இருங்க அத்தான், போனை வச்சுடாதீங்க."

குடுவையை வெளிச்சத்தில் வைத்து ஒரு சொட்டு அமிலம் விட்டாள். காத்திருந்தாள். இன்னொரு சொட்டு.

"போதும், போதும். கன்னத்துல வந்திருச்சு."

நோட்டில் நேரத்தையும் அளவையும் எழுதினாள். குடுவையில் 'கழுவ வேண்டாம்' என்று சீட்டு ஒட்டிவிட்டுப் பஸ் ஏறினாள். நிறம் கடைசிவரை நின்றது. வந்தவர்கள் முகம் தெளிவாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். புதன்கிழமை எல்லாம் முடிந்த பிறகு அவள் ஆய்வகத்துக்குத் திரும்பி, சீட்டைக் கிழித்துப் போட்டு, குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள்.