வதிவோர்

அம்பிட்டியவில தண்ணி வண்டி வந்து நிக்கிற இடத்தில, "வதிவோருக்கு மட்டும்"னு பலகை மாட்டியிருந்தாங்க. வாடகைக்கு இருக்கிற சுபாஜினி அர்த்தம் கேட்டப்போ, தெரியாதுன்னு சொல்லக் கூச்சப்பட்டு, "சொந்த வீட்டுக்காரங்க"ன்னு அடிச்சு விட்டார் பக்கத்து வீட்டு கஜேந்திரன். அன்னையிலிருந்து அவ பள்ளத்து ஊத்திலிருந்துதான் தண்ணி சுமந்தா.

இன்னைக்கு கஜேந்திரன் வண்டிக்காரர்கிட்ட விசாரிச்சப்பத்தான், அங்க குடியிருக்கிற எல்லாருமே வதிவோர்னு தெரிஞ்சது.

ஊத்துப் பாதையில வழுக்கி விழுந்து அடிபட்ட முழங்கால்ல கட்டோட, குடத்தை இடுப்பில வச்சு சுபாஜினி மேலேறி வந்தா. "நல்லவேளை அண்ணே, நீங்க சொன்னீங்க. இல்லாட்டி வரிசையில நின்னு அவமானப்பட்டிருப்பேன்."

அவர் குடத்தை வாங்கிக் கீழ வச்சார். "வாளி எடுத்துட்டு வா தங்கச்சி. வதிவோர்னா நீயுந்தான். எனக்குத்தான் அர்த்தம் தெரியல."

அவ அவரைப் பார்க்கல. முழங்கால் கட்டை இறுக்கிக்கிட்டு வாளி எடுக்கப் போனா.