பக்கம் ஏழில் இல்லாத தண்ணீர்

'மலைத் தண்ணீரைப் பயன்படுத்தும் வீடுகள்: இல்லை.'

மாவட்ட அலுவலகத்தில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் அந்த வரியின் மேல் விரலை வைத்துக் காட்டினாள். பக்கம் ஏழு. ஒரு முறை படித்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தேன்.

"இது எந்த ஊரும்மா?" என்றேன்.

"உங்க ஊர்தான்க்கா. லுபோக் தெமின் கம்பத்தோட விவரக் குறிப்பு. வருஷா வருஷம் உங்க தலைவர் எழுதி அனுப்புறது. இதைப் பாத்துட்டுதான் மேல கல்லுடைக்க அனுமதி குடுத்திருக்காங்க. அந்த மலையில யாரும் தண்ணி எடுக்கலைன்னு போட்டிருக்கே."

கீழே கையெழுத்து இருந்தது. ஜிடின் பின் மாமாட். எங்கள் தோக் ஜிடின். ஊர்த் தலைவரை நாங்கள் 'தோக்' என்றுதான் கூப்பிடுவோம்.

"நான் இன்னிக்குக் காலையில அந்தத் தண்ணியிலதான் குளிச்சேன்" என்றேன்.

"எங்கிட்ட கோவப்பட்டு என்னக்கா பண்றது? எழுதினவரே 'தப்பா எழுதிட்டேன்'னு சொன்னா உடனே நிறுத்தி வைப்பாங்க. வேற யார் சொன்னாலும் மூணு மாசம் ஆகும்."

"மிஷின் எப்ப ஆரம்பிக்குது?"

அவள் காகிதத்தைப் புரட்டினாள். "நாளைக்கு."

பேருந்தில் திரும்பி வந்த ஒன்றரை மணி நேரமும் பல்லைக் கடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாளுக்கு முன்னால் என் கணவர் டெரமான் மலைமேல் தொட்டியில் இலை அள்ளப் போனபோதுதான் மரங்களில் சிவப்புப் பெயின்ட் அடையாளத்தைப் பார்த்தார். செங்காவாங் மலையிலிருந்து எங்கள் அறுபத்தொரு வீட்டுக்கும் வருகிற தண்ணீர் அந்த ஒரே தொட்டியிலிருந்துதான். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் நாங்களே தோளில் குழாயைச் சுமந்துபோய்ப் பதித்தது. அதில் வழுக்கி விழுந்து டெரமானுக்குத் தோள் எலும்பு உடைந்தது. இன்றைக்கும் மழை வந்தால் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

அரசாங்கக் குழாய் வந்து நான்கு வருஷம் ஆகிறது. விடியற்காலையில் நூல் மாதிரி வரும். எட்டு மணிக்கு இருமும். அப்புறம் காற்றுதான்.

இது தோக் ஜிடினுக்குத் தெரியாதா? கம்பத்திலேயே பருமனான மலைத் தண்ணீர்க் குழாய் அவர் வீட்டு அடுக்களைக்குத்தான் போகிறது!

நேராக அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அவருடைய ஒரே மகள் நஸூராவுக்குக் கல்யாணம். தோக் ஏணியைப் பிடித்துக்கொண்டு, மேலே நின்றவனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"தோக், பக்கம் ஏழுல என்ன எழுதினீங்க?"

அவர் முகம் ஒரு கணம் மாறியது. பிறகு சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"கல்சோம், உள்ள வந்து ஒரு காப்பி குடி."

"காப்பிக்குத் தண்ணி எங்கேருந்து வருது தோக்?"

ஏணியில் இருந்தவன் களுக்கென்று சிரித்தான். தோக் என்னை ஓரமாக அழைத்துப் போனார். குரலைத் தாழ்த்தினார்.

"முன்மாதிரிக் கம்பம் போட்டி வந்துச்சில்ல, போன வருஷம்? ஊர் வாசல்ல வளைவு கட்டிக் குடுத்தாங்களே. 'இன்னும் மலைத் தண்ணிதான் குடிக்கிறோம்'னு எழுதினா எவன் பரிசு குடுப்பான்? பக்கத்துக் கம்பத்துக்காரன் சிரிக்க மாட்டான்? ஊர் மானத்துக்காகத்தான் எழுதினேன்."

"அந்த வளைவுல தண்ணி வருமா?"

"கல்யாணம் முடியட்டும். திங்கக்கிழமை நானே போயி மாத்தி எழுதித் தரேன்."

"மிஷின் நாளைக்கு ஏறுது தோக். இப்பவே போன் பண்ணுங்க."

"மாவட்ட அதிகாரி ஞாயித்துக்கிழமை விருந்துக்கு வராரு. இன்னிக்கு அவருகிட்ட 'நான் பொய் எழுதினேன்'னு சொல்லச் சொல்றியா? எம்பொண்ணு கல்யாணத்துல எம்மூஞ்சில கரியப் பூசணும், அவ்வளவுதானே உனக்கு?"

இனி பேசிப் பயனில்லை என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து டெரமானிடம் வால்வுச் சாவியைக் கேட்டேன்.

"எதுக்கு?" என்றார்.

"தோக் வீட்டுக்குப் போற லைனை மூடப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? நாளைக்கு அவங்க வீட்டுல ரெவாங். ஊரே சமைக்க வரும்."

"அதனாலதான்."

டெரமான் என்னையே பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக என்னோடு குடித்தனம் செய்கிற மனிதர். எப்போது வாதாட வேண்டும், எப்போது நகர்ந்துகொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரியும். சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"நான் குடுக்கல. நீயா எடுத்துக்கிட்டே" என்று சொல்லிவிட்டுக் கோழிக்குத் தீவனம் போடப் போய்விட்டார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் தோக் வீட்டுப் பின்பக்கம் ஐம்பது பெண்கள் கூடிவிட்டார்கள். எங்கள் கம்பத்தில் கல்யாணத்துக்கு முதல்நாள் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அவரவர் வீட்டுக் கத்தியோடும் பலகையோடும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். வராமல் இருந்தால்தான் பேச்சு. நானும் என் கத்தியோடு போனேன். வெங்காயம் ஒரு பக்கம், எலுமிச்சைப் புல் ஒரு பக்கம், பிஞ்சுப் பலா ஒரு பக்கம். ஆண்கள் விடியலிலேயே இரண்டு மாடு அறுத்து, துண்டு போட்டு வாழையிலையில் குவித்திருந்தார்கள். கழுவ வேண்டியதுதான் பாக்கி.

குழாயைத் திருகினார்கள். காற்று வந்தது.

அடுத்த குழாய். அதிலும் காற்று.

"டெரமான் எங்க? தொட்டியில இலை அடைச்சிருக்கும், போய்ப் பாக்கச் சொல்லு" என்று தோக் கத்தினார்.

"இலை இல்ல தோக். நான்தான் மூடினேன்" என்றேன்.

கத்திகள் எல்லாம் நின்றன.

"என்ன சொன்னே?"

"இந்தக் கம்பத்துல மலைத் தண்ணிய யாரும் பயன்படுத்தலைன்னு நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கீங்க. அப்புறம் இந்தக் குழாய் எதுக்கு? அரசாங்கக் குழாயைத் திறங்க. எழுநூறு பேருக்குச் சமைங்க."

பெண்களுக்கு விஷயம் புரியச் சற்று நேரம் ஆனது. எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். போட்டி, வளைவு, பக்கம் ஏழு, கையெழுத்து, கல்லுடைப்பு. நான் சொல்லச் சொல்ல, கேட்டவர்கள் முகம் தோக் பக்கம் திரும்பிக்கொண்டே போனது.

"அந்த வளைவுல எம்மாடு முட்டினப்பவே சந்தேகப்பட்டேன். மாட்டுக்குக்கூடப் பிடிக்கல" என்றாள் எலுமிச்சைப் புல் நறுக்கிக்கொண்டிருந்த ரொபேயா. யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்கவில்லை.

தோக்கின் கழுத்து நரம்பு புடைத்தது. "எம்பொண்ணு கல்யாணத்தை வச்சு மிரட்டுறியா? இதைவிடக் கேவலம் உண்டா? இப்ப சாவியைக் குடு!"

"இப்ப போன் பண்ணுங்க."

"மாட்டேன்!"

"அப்ப கறியை மணல்ல புரட்டிக் கழுவுங்க."

உள்ளேயிருந்து நஸூரா வந்தாள். பத்து விரலிலும் மருதாணி. காயாமல் இருந்ததால் கைகளை முன்னால் நீட்டிக்கொண்டே நடந்து வந்தாள். அவள் பிறந்தபோது முதல் குளியலுக்குத் தண்ணீர் காய வைத்தது நான்தான்.

"மாக் லோங், அப்பா பண்ணினது தப்புதான்" என்றாள். என்னைப் பெரியம்மா முறை வைத்து 'மாக் லோங்' என்றுதான் கூப்பிடுவாள். "ஆனா வர்றவங்கள்லாம் பசியோட போவாங்க. அதுல நான் என்ன தப்புப் பண்ணினேன்?"

அவள் தந்தை பேசியிருந்தால் சாயங்காலம் வரைக்கும் நின்றிருப்பேன். கேட்டது இவள். கோபம் அப்படியே இருந்தது. கை மட்டும் பையிலிருந்த சாவியைத் தேடியது. தோப்பு ஓரத்து வால்வுக்கு நடந்துபோய்த் திறந்தேன்.

திரும்பி வரும்போதே அலறல் கேட்டது.

அரிசி கொட்டி வைத்திருந்த நான்கு பெரிய தொட்டிகளிலும் குழாயை விட்டிருந்தார்கள். வந்தது தண்ணீர் இல்லை. செம்மண் குழம்பு. வேர்த் துண்டும் சரளைக் கல்லுமாகக் கொட்டி, வெள்ளை அரிசி முழுக்கச் செங்கல் நிறமாகிவிட்டது. அதே நேரம் மலைமேல் இருந்து மிஷின் உறுமும் சத்தம் வந்தது. மரம் ஒன்று முறிந்து விழும் சத்தமும் வந்தது.

தோக் தொட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி அரிசியை எடுத்தார். விரல் இடுக்கில் சேறு வழிந்தது.

"இனிமே இதுதான் தோக் நம்ம தண்ணி. குடிங்க" என்றேன்.

ரொபேயா கத்தியைத் துடைத்து இடுப்பில் செருகினாள். "இங்க தண்ணி இல்ல. மிஷினுக்கு மேல நல்ல தண்ணி இருக்கில்ல? அங்க போயி சமைப்போம். அண்டாவைத் தூக்குங்கடி!"

யார் முதலில் தூக்கினார்கள் என்று தெரியாது. பத்து நிமிஷத்தில் மூன்று பிக்கப்பிலும் மோட்டார் சைக்கிள்களிலும் அண்டா, விறகு, தேங்காய், இறைச்சி, வெங்காய மூட்டை எல்லாம் ஏறிவிட்டன. கெட்டுப்போன அரிசிக்குப் பதில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் இரண்டு படி வந்தது. சமைக்கக் கிளம்பிய பெண்களை எங்கள் கம்பத்தில் யாரும் வழிமறித்ததில்லை. அன்றைக்கும் யாரும் மறிக்கவில்லை.

புதிதாக வெட்டிய மண்பாதை ஓடைக்குக் குறுக்கே போயிருந்தது. மஞ்சள் புல்டோசர் கரையைச் சரித்துக்கொண்டிருந்தது. நாங்கள் அதற்கு நேர் முன்னால், பாதைக்கு நட்ட நடுவில், கல் கூட்டி ஆறு அடுப்பு மூட்டினோம். ஓட்டுநர் மிஷினை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்தான். சிவப்புத் தொப்பி போட்ட மேற்பார்வையாளன் ஓடி வந்தான்.

"என்னம்மா இது? இது வேலை நடக்கிற இடம்!"

"நாங்க மட்டும் விளையாடவா வந்திருக்கோம்? தள்ளி நில்லு தம்பி, எண்ணெய் தெறிக்கும்" என்றாள் ரொபேயா.

"எங்ககிட்ட அனுமதி இருக்கு. உங்க கம்பமே எழுதிக் குடுத்திருக்கு. இந்தத் தண்ணிய யாரும் எடுக்கலைன்னு!" அவன் காகிதக் கட்டைத் தூக்கிக் காட்டினான். "போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிடு. அவருக்கும் சேத்து உலை வைக்கிறேன்" என்றாள் ரொபேயா.

கூட்டத்தின் பின்னாலிருந்து தோக் ஜிடின் வந்தார். சரோங்கில் முழங்கால் வரைக்கும் சேறு. ஏறி வந்த களைப்பில் மூச்சு வாங்கியது. எல்லாரும் வழி விட்டோம். மரியாதைக்காக இல்லை. என்ன சொல்லப் போகிறார் என்று பார்ப்பதற்காக.

"அது என் கையெழுத்து" என்றார் மேற்பார்வையாளனிடம். "அது பொய்."

"என்ன தோக், விளையாடுறீங்களா? கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் பொய்ன்னா, உங்க மேலதான் கேஸ் வரும்."

"வரட்டும்."

"தலைவர் பதவி போகும்."

தோக் கைப்பேசியை எடுத்தார். எண் இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறை மாவட்ட அதிகாரி எடுத்ததும் உரக்கப் பேசினார். அறுபத்தொரு வீடும் கேட்டது.

"ஐயா, ஜிடின் பேசுறேன், லுபோக் தெமின். நாளைக்கு விருந்துக்கு வரச் சொன்னேன்ல... அதுக்கில்ல. போன வருஷ விவரக் குறிப்புல தண்ணியைப் பத்தி நான் பொய் எழுதிட்டேன். எல்லா வீடும் மலைத் தண்ணிதான். எங்க வீடும்தான். ஆமாங்க... தெரிஞ்சேதான் எழுதினேன். இல்ல, யாரும் மிரட்டல. மிஷின் இப்ப எம்முன்னாடி நிக்குது. நிறுத்தச் சொல்லுங்க."

அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கடுமையாகக் கேட்டது. தோக் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

கால் மணி நேரம் கழித்து மேற்பார்வையாளனின் கைப்பேசி ஒலித்தது. அவன் ஓரமாகப் போய்ப் பேசிவிட்டு வந்து, தொப்பியைக் கழற்றி, ஓட்டுநரைப் பார்த்துக் கையைக் கீழே காட்டினான். விசாரணை முடியும் வரைக்கும் வேலை நிறுத்தம். திங்கட்கிழமை ஆட்கள் வந்து வீடு வீடாகக் குழாயைப் பார்ப்பார்கள். ஆனால் மிஷின் இறங்கவும் வழி இல்லையே! பாதை முழுக்க எங்கள் அடுப்பு. கறி வேகும் வரைக்கும் அவர்கள் காத்திருந்தார்கள். ஓட்டுநருக்கு ஒரு தட்டு போட்டுக் கொடுத்தோம். மேற்பார்வையாளனுக்குக் கொடுக்க ரொபேயா மறுத்துவிட்டாள்.

ஓடையில் சேறு இறங்கப் பல நாள் ஆகும் என்று டெரமான் சொன்னார். தொட்டியின் ஒரு பக்கச் சுவரும் விரிசல் விட்டிருந்தது. கரையில் குந்தியபடி அந்த விரிசலைத் தடவிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு மறுபடியும் கொதித்தது.

தோக் என் பக்கம் வந்து நின்றார். அரை நாளில் பத்து வயது கூடினவர் மாதிரி இருந்தார்.

"நீ கேட்டதைப் பண்ணிட்டேன் கல்சோம். எல்லார் முன்னாடியும். இப்ப கோவம் தீந்துச்சா?"

"இல்ல."

"இன்னும் நான் என்ன பண்ணணும்?"

"நீங்க போன் பண்ணினது எனக்காக இல்ல தோக். உங்க தொட்டி அரிசி வீணானதுக்காக. நேத்து நான் காலில விழாத குறையாக் கேட்டப்ப காப்பி குடிக்கச் சொன்னீங்க. நேத்தே பண்ணியிருந்தா இந்தக் கரை இருந்திருக்கும். தொட்டி இருந்திருக்கும்."

அவர் குனிந்து சரோங்கில் ஒட்டிய சேற்றைத் தட்டினார்.

"நாளைக்கு நஸூரா கல்யாணத்துக்கு வருவேன். அவளுக்குப் பூத் தூவுவேன். உங்க வீட்டுல ஒரு பிடி சோறு தின்ன மாட்டேன்" என்றேன்.

அவரைத் தாண்டி நடந்து, சிமென்ட் மூட்டை வாங்க யார் வண்டி கிடைக்கும் என்று கேட்கப் போனேன்.